மலிவுத் துப்பாக்கியின் கோணல்கள்

ரி-56 துப்பாக்கியை வன்னியில் வாழ்ந்த எவருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கை இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஏந்திய அந்தச் சீனத் துப்பாக்கி, சோவியத் ஏ.கே.-47 இன் பிரதி. அதே குடும்பத்தின் இன்னொரு பிரதி அமெரிக்கக் கடைகளில் பல்லாண்டுகளாக விற்பனையாகிறது. ருமேனியாவின் குகிர் நகரில் செய்யப்படும் 'வாசர்-10' என்ற அரைத்தானியங்கித் துப்பாக்கிதான் அது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவை மட்டும் பாயும்.

துப்பாக்கியை இழப்பாக மட்டுமே அறிந்த எமக்கு, அதைக் காசு கொடுத்து வாங்கியவர் வேலைப்பாடு சரியில்லை என்று முறைப்பாடு செய்வது விசித்திரமாகப் படலாம். ஆனால் அந்த முறைப்பாடுகளின் காரணத்தைத் தேடிச் சென்றபோது, பெரும்பாலானவை சட்டத்துக்கும் சந்தைக்கும் இடையிலான இழுபறியில் பிறந்தவை என்பதைக் கண்டேன்.

சட்டம் செய்த வடிவம்

1989 இல் தந்தை ஜோர்ஜ் புஷ்ஷின் நிர்வாகம் 43 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. விளையாட்டுத் தேவைக்கு உரியவை மட்டுமே நாட்டுக்குள் வரலாம் என்பது விதி. 1998 இல் பில் கிளின்டனின் நிர்வாகம் விதியை மேலும் இறுக்கியது. பெரிய இராணுவ ரவைக்கூடு பொருந்தக்கூடிய துப்பாக்கியும் விளையாட்டுக்கு உரியதல்ல என்று தீர்மானித்தது.

இதனால் வாசர்-10, ஒற்றை வரிசையில் 10 ரவைகள் கொண்ட ஒடுங்கிய ரவைக்கூட்டுடன் துறைமுகத்தில் இறங்கியது. இறங்கியபின், 30 ரவைக்கூடு நுழையுமளவுக்கு அதன் வாயில் அமெரிக்கப் பட்டறையில் வெட்டி அகலமாக்கப்பட்டது. குறித்த 20 பாகங்களில் வெளிநாட்டுப் பாகங்கள் 10 ஐ மிஞ்சாவிட்டால் இந்த மாற்றத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே விசைத்தொகுதி, கைப்பிடி போன்றவை உள்நாட்டுப் பாகங்களாக மாற்றப்பட்டன.

கண்ணுக்குத் தெரியும் குறைகள்

வாயிலை அவசரமாக வெட்டினால் அளவு பிசகும், ரவைக்கூடு ஆடும். இராணுவத்துக்காகச் செய்யப்படும் ஏ.கே.எம். துப்பாக்கியின் உடற்தகட்டில் இருபுறமும் சிறு பள்ளங்கள் அழுத்தப்பட்டிருக்கும். ரவைக்கூட்டை அசையாமல் பிடிப்பவை அவைதான். வாசர்-10 இல் அவை இல்லை.

அடுத்தது, பெயர்பெற்ற குறையான கோணல் குறிமுனை. குழலின் முனையில் குறிபார்க்கும் பாகம் நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு சிறிதென்றால் திருகிச் சரிசெய்யலாம். பெரிதென்றால் பாகத்தையே கழற்றி மீண்டும் பொருத்தவேண்டும். சிலவற்றில் சுடும்போது விசை திரும்பி விரலில் அடிக்கும். மரப்பாகங்கள் மெருகின்றி இருக்கும்.

ஆனால் முக்கியமான இடத்தில் சிக்கனம் செய்யப்படவில்லை. குழல் சுத்தியலடி முறையில் உருவாக்கப்பட்டு, உள்ளே குரோமியப் பூச்சுப் பெற்றது. அழகில்லாத துப்பாக்கி, ஆனால் உழைக்கும் துப்பாக்கி.

கண்ணுக்குத் தெரியாத குறைகள்

ஆபத்தானவை வேறு வகை. பழைய இராணுவத் துப்பாக்கிகளைத் துண்டாக்கி, பாகங்களாக இறக்கி, அமெரிக்காவில் மீண்டும் பொருத்தி விற்பதும் ஒரு வியாபாரம். அங்கே கவனிக்கவேண்டியது தறையாணிகளும் முன்தாங்கியும். குழலைப் பிடித்து, வெடிக்கும் கணத்தில் பூட்டுக்கட்டையின் முழு அழுத்தத்தையும் தாங்கும் உருக்குத் துண்டே முன்தாங்கி. அதை அடித்து உருவாக்காமல் தரம் குறைந்த வார்ப்பாகச் செய்தால் விரைவில் தேயும். பூட்டுக்கட்டைக்கும் ரவைக்கும் இடையிலான இடைவெளி கூடும். ஒருநாள் ரவையின் கோது கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். இதை அளவுமானி கொண்டுதான் கண்டறியலாம்; வெளிப்பூச்சைப் பார்த்துச் சொல்லமுடியாது.

யாருக்குக் குறை?

இந்தக் குறைகள் எல்லாம் வாங்குபவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. மறுபக்கத்தையும் எழுதாமல் நான் இக்கட்டுரையை முடிக்கமுடியாது.

2019 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் கில்ரோய் நகரில், உள்ளிப்பூண்டுத் திருவிழாவுக்குள் 19 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்தான். 6 வயதுச் சிறுவன், 13 வயதுச் சிறுமி, 25 வயது இளைஞர் என மூவர் கொல்லப்பட்டனர். அவன் கையிலிருந்தது வாசர்-10. அயல் மாநிலமான நெவாடாவில் சட்டப்படி வாங்கப்பட்டது.

எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் குற்றக் கும்பல்களிடம் பறிக்கப்பட்ட ஆயுதங்களிலும் இதே ரகம் தொடர்ந்து காணப்பட்டது. மெக்சிகோ அரசு 2021 இல் அமெரிக்க ஆயுத நிறுவனங்கள் மீது பொஸ்டன் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏகமனதாக அந்த வழக்கை நிராகரித்தது. ஆயுதத் தொழிலைக் காக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அடிப்படை.

1998 இன் தீர்மானம் பெரிய ரவைக்கூடு கொண்ட துப்பாக்கி நாட்டுக்குள் வராமல் தடுக்கவே எடுக்கப்பட்டது. பட்டறையில் வெட்டப்பட்ட ஒரு வாயில் அதைக் கடந்தது. ஆடும் ரவைக்கூடு அந்த வெட்டின் தழும்பு. வாங்கியவருக்கு அது வேலைப்பாட்டுக் குறை. எனக்கு அது ஒரு சட்டத்தில் விடப்பட்ட ஓட்டை. குறிமுனை எவ்வளவு கோணலாக இருந்தாலும், கூட்டத்தை நோக்கிச் சுடுபவனுக்கு அது தடையாக இருப்பதில்லை. இதை எம்மவர்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை.