எலி சொன்ன சாட்சி

பிள்ளையாருக்கு வாகனமாக இருந்து சேவை செய்கிற மூஷிகத்தின் மீது எனக்கு நெடுநாளாக மரியாதை உண்டு. அத்தனை பெரிய சரீரத்தைச் சுமந்துகொண்டு, முகம் சுளிக்காமல், கொழுக்கட்டைத் தட்டின் பக்கம் கண்ணை மட்டும் ஓடவிட்டபடி உட்கார்ந்திருக்கும் அந்த ஜீவன், பிறத்தியாருடைய வாகனங்களை என்ன பாடு படுத்தும் என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்த்ததில்லை. 2020-ஆம் வருஷத்தில்தான் அதற்குச் சந்தர்ப்பம் வாய்த்தது.

அந்த வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே, அப்போது நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் அகப்பட்டுக்கொண்டேன். நாலு நாள் தங்கப் போனவன் நாலு மாதம் தங்கினேன். வீட்டில் என் தமக்கையும் நானும்தான். என்னுடைய கார் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் நின்றது. கோடை மழைக்குப் பயந்து சம்பா வைக்கோலில் ஒரு பகுதியை அதே சாய்ப்பில் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெயில் பட்டுக் காரின் மெருகு போய்விடப்போகிறதே என்று, அதன் மேலும் இரண்டு கட்டு பரப்பச் சொன்னேன். அப்படிச் சொன்னவன் நான்தான் என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயலையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் எங்களிடம் நாற்பது வருஷமாக இருக்கிறார். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஐயா, வண்டியை வாரத்துக்கு ஒருக்கா உசுப்பி, களம் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தா நல்லதுங்க. சும்மா நிக்கிறது எதுவும் நல்லா இருக்காது."

"எங்கே போகப் போகிறோம்? பெட்ரோல் என்ன காவேரியிலா ஓடுகிறது?" என்றேன் நான். என் ஹாஸ்யத்தை நானே ரசித்துக்கொண்டேன்.

ஜூலை மாதத்தில் ஒரு நள்ளிரவு, அக்காவுக்கு மார்வலி வந்தது. ஓடிப்போய் வைக்கோலை வாரித் தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினேன். வண்டி ஒரு தடவை இருமக்கூட இல்லை. மறுபடி திருகினேன். விளக்கு ஒன்று மங்கலாகச் சிமிட்டிவிட்டு அணைந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது. அடுத்த தெருவில் வாழைத்தார் ஏற்றுகிற 'குட்டியானை' வண்டிக்காரர் ஒருவர், அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து, வாழைச் சருகின் மேல் ஜமக்காளத்தை விரித்து அக்காவைக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். அக்கா பிழைத்துக்கொண்டாள். "எலி கைவிட்டாலும் யானை கைவிடவில்லை, எல்லாம் பிள்ளையார் செயல்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். என்ஜின் மேல் வைக்கோலும் பஞ்சும் பழந்துணியும் சேர்த்து அழகான ஒரு மெத்தை. ஒயர்களின் மேல்தோல் உரிக்கப்பட்டுச் செம்புக் கம்பி பளபளவென்று சிரித்தது. "சார், குடும்பமே நடத்தியிருக்கு. பிரசவம்கூட இங்கேதான்" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெரியவர் பக்கத்தில் நின்றார். வைக்கோல் அடுக்கும்போது எலி வரும் என்று தெரியாதா, இத்தனை வருஷம் என்ன பார்த்தீர்கள் என்று நாலு பேர் எதிரில் கத்திவிட்டேன். "அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மனசு சரியில்லாதபோது சரித்திரத்தைப் புரட்டுவது என் வழக்கம். நம்மைவிட அசடுகள் எப்படியும் அதில் அகப்படுவார்கள் என்ற நம்பிக்கைதான்! எலியினால் கெட்டவர்களைத் தேடிக்கொண்டு போனேன்.

முதலில் அகப்பட்டவன் அஸ்ஸீரிய மன்னன் சென்னாகெரிப். கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கும் கதை இது. சென்னாகெரிப் பெரும் படையோடு எகிப்தின் மேல் வந்தான். எகிப்தை அப்போது ஆண்டவன் சேதோஸ் என்ற பூசாரி அரசன். போர்வீரர்களை அலட்சியம் செய்து அவர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் ஆகையால், ஆபத்து வந்தபோது ஒரு வீரனும் அவனுக்காகக் கிளம்பவில்லை. கடைக்காரர்களையும் கைத்தொழில்காரர்களையும் திரட்டிக்கொண்டு எல்லையில் உள்ள பெலூசியத்துக்குப் போனான். அன்று இரவு வயலெலிகள் எதிரியின் பாசறைக்குள் புகுந்து அம்பறாத்தூணிகளையும் விற்களையும் கேடயப் பிடிகளையும் கடித்துப் போட்டுவிட்டன. விடிந்ததும் அஸ்ஸீரியர்கள் வெறுங்கையோடு ஓடினார்கள். கையில் எலியோடு நிற்கும் அந்த அரசனின் சிலை ஒன்று கோயிலில் இருந்ததாகவும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார்.

சென்னாகெரிப்புக்கும் ஹெரோடோட்டஸுக்கும் நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆகவே இதைக் கதை என்று ஒதுக்கிவிடலாம். நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். ஆனால் அடுத்தபடியாக அகப்பட்ட விவகாரத்தை அப்படி ஒதுக்க முடியவில்லை. அது நடந்தது 1942-ஆம் வருஷம். ருஷ்ய நாட்டில், ஸ்டாலின்கிராடுக்கு வடமேற்கே, டான் நதியின் பக்கத்தில்.

ஸ்டாலின்கிராட் நகரத்துக்குள் ஜெர்மனியின் ஆறாவது சேனை தெருத் தெருவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதன் இடது பக்கத்தை, டான் நதியை ஒட்டி, ருமேனியாவின் மூன்றாவது சேனை காத்து நின்றது. ருமேனியரிடம் டாங்கிகளைத் தடுக்கத் தக்க ஆயுதம் போதுமான அளவு இல்லை. அவர்களுக்குத் துணையாக ஒதுக்கிவைத்திருந்த படையில் 22-வது பான்ஸர் டிவிஷன் ஒன்று. பான்ஸர் என்றால் கவச வண்டிப் படை. நூற்றுக்கு மேற்பட்ட டாங்கிகள் அதில் இருந்தன. அவற்றில் பல செக்கோஸ்லோவாகியாவில் செய்யப்பட்ட பழைய ரகம்.

வெகு நாள் அந்த டிவிஷனுக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிற படைக்கு எண்ணெய் எதற்கு என்று மேலிடத்தில் பெட்ரோலைச் சுருக்கிவிட்டார்கள். என்ஜினை அவ்வப்போது ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. குளிர் வேறு கடுமையாக வந்துகொண்டிருந்தது. ஆகவே டாங்கிகளைப் பள்ளங்களில் இறக்கி, வைக்கோலையும் நாணலையும் போட்டு மூடிவைத்தார்கள்.

படித்துக்கொண்டிருந்த நான் இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். வைக்கோல்! பெட்ரோல் சிக்கனம்! கும்பகோணத்துச் சாய்ப்புக்கும் டான் நதிக்கரைக்கும் எவ்வளவு தூரம்? ஆனால் எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அறுவடை முடிந்த வயல், வரப்போகும் குளிர், காற்றுப் புகாத இருட்டு, மேலே வைக்கோல் மெத்தை. வயலெலிகள் டாங்கிக்குள் குடியேறி, மின்சாரக் கம்பிகளின் ரப்பர் உறையைக் கடித்துத் தின்றன. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. டாங்கி என்றும் கார் என்றும் அதற்குப் பேதம் கிடையாது.

நவம்பர் மாத நடுவில் டிவிஷனுக்குப் புறப்பட உத்தரவு வந்தது. வைக்கோலை விலக்கி டாங்கிகளைக் கிளப்பப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் கிளம்பவில்லை. கிளம்பியவற்றிலும் பல, கம்பிகளில் மின்சாரம் தாறுமாறாக ஓடி, வழியிலேயே நின்றுவிட்டன. 1942 நவம்பர் 19-ஆந்தேதி விடியற்காலையில் சோவியத் பீரங்கிகள் முழங்கின. நாலே நாளில், 23-ஆந்தேதி, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த சோவியத் படைகள் கலாச் என்ற ஊருக்கு அருகில் கை கோத்துக்கொண்டன. ஆறாவது சேனை உள்ளே மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். 1943 பிப்ரவரி 2-ஆந்தேதி கடைசியாகச் சரணடைந்தபோது சுமார் 91,000 பேர் கைதியானார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு நாவலாசிரியனுக்குக் கை துறுதுறுக்கும். 'ஹிட்லரைத் தோற்கடித்தது ஒரு சுண்டெலி' என்று எழுதிவிட்டால் எவ்வளவு ஜோராக இருக்கும்! ஆனால் அது உண்மையாகாது. அன்றைக்கு எதிர்ப்பக்கம் திரண்டு நின்ற சோவியத் வீரர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்த நூறு டாங்கிகளும் பழுதில்லாமல் பாய்ந்திருந்தாலும் சில மணி நேரம் தாமதம் செய்திருக்கலாம். முடிவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. தோல்விக்குக் காரணம் எலி அல்ல. எலி ஒரு சாட்சி, அவ்வளவுதான். பெட்ரோல் கொடுக்காதவர்களும், பழைய வண்டிகளை வைத்துப் பெரிய கணக்குப் போட்டவர்களும், ஆபத்து இந்தப் பக்கம் வராது என்று தூங்கியவர்களும் யார் யார் என்று அது பல்லால் எழுதிவைத்துவிட்டுப் போயிற்று.

அந்தச் சாட்சியத்தை ஹிட்லர் படித்தானா? இல்லை. அவனுடைய கோபத்துக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த டிவிஷன் அடங்கிய 48-வது பான்ஸர் கோரின் தளபதி ஃபெர்டினாண்ட் ஹைம் பக்கத்தில் இருந்தார். ஒரு திசையில் புறப்பட்ட அவரை நடுவழியில் வேறு திசைக்குத் திருப்பியதும் மேலிடம்தான். ஆனாலும் பழி அவர் தலையில் விழுந்தது. பதவியைப் பறித்து, விசாரணை கூட இல்லாமல் சிறையில் தள்ளினார்கள். பிறகு ஆள் போதாமல் 1944-இல் அவரையே கூப்பிட்டு பிரான்ஸில் பூலோஞ் துறைமுகத்தைக் காக்க அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

ஹைமின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு சர்வாதிகாரி செய்ததும், பானெட்டைத் திறந்த அன்று நான் செய்ததும் ஒரே காரியம். அளவில்தான் வித்தியாசம்.

எலியின் சாட்சியத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் இல்லாமல் போகவில்லை. அவர்கள் கப்பல்காரர்கள். 1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் பிளேக் நோய் வந்து ஊரையே சூறையாடியது. எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சி மூலமாக நோய் மனிதனுக்கு வருகிறது என்று 1898-இல் கராச்சியில் ஆராய்ந்து சொன்னார் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். நடுக்கடலில் ஓடுகிற கப்பலில் புது எலி ஏற முடியாது. துறைமுகத்தில் நிற்கும்போதுதான் கட்டியிருக்கும் கயிற்றின் மேல் நடந்து ஏறும். ஆகையால் கயிறுகளில் வட்டமான தகரத் தட்டுகளைக் கோத்தார்கள். கயிற்றோடு வந்த எலி தட்டைத் தாண்ட முடியாமல் திரும்பும். 1926-இல் பாரிஸில் பல தேசங்கள் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, கப்பலில் எலி ஒழித்ததற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அத்தாட்சிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. யாரையும் சிறையில் தள்ளவில்லை. எலி ஏறுகிற வழியைப் பார்த்து அடைத்தார்கள்.

நானும் இப்போது அந்தக் கப்பல்காரர்களின் கட்சி. சாய்ப்பில் வைக்கோல் கிடையாது. காருக்குள் ஒரு முறுக்குத் துணுக்குகூட வைப்பதில்லை. பகலில் பானெட்டைத் திறந்து வைக்கிறோம். வெளிச்சத்தில் எலி குடித்தனம் வைக்காது. காற்று புகும் வழிகளில் நெருக்கமான கம்பிவலை அடித்தாயிற்று. பென்சில் நுழைகிற துளை போதும், சுண்டெலி நுழைந்துவிடும். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பைக்கூட ஒயர்களில் சுற்றச் சொல்லி மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தார். சாய்ப்பைச் சுற்றி மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டிகளைப் பெரியவர் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியம், வாரத்துக்கு ஒரு முறை வண்டி களம் வரைக்கும் போய்த் திரும்புகிறது.

முதல் முறை போனபோது பெரியவரை முன் ஸீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். களத்து மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "அன்றைக்கு நான் பேசினது தப்பு. வைக்கோலைப் போடச் சொன்னதும் நான்தான், ஓட்ட வேண்டாம் என்றதும் நான்தான்" என்றேன். நாலு பேர் எதிரில் திட்டியதற்கு யாரும் இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டது எவ்வளவு பெரிய மோசம் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இத்தனை பேர் படிக்கும்படி இங்கே எழுதிவைக்கிறேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அதெல்லாம் இருக்கட்டுங்கய்யா. என்ஜினை அணைக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."