அமரர் மதுரை அ. வைத்தியநாத ஐயர்: வீட்டில் தொடங்கிய தொண்டு

நம் சங்கத்து அங்கத்தினர்களில் மதுரையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழ்நாட்டை விட்டு இரண்டு தலைமுறைக்கு முன்பே வந்துவிட்ட குடும்பத்துக் குழந்தைகளுக்கோ, 1999-ல் தபால் துறை இவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது என்று சொன்னால்தான் 'யார் இவர்?' என்று கேட்கத் தோன்றும். மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றவர் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1890-ம் வருஷம் மே 16-ம் தேதி, தஞ்சாவூர் ஜில்லா விஷ்ணம்பேட்டையில் அருணாசலம் ஐயரின் புத்திரராகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு மதுரையில். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி, சட்டப் படிப்பு, மறுபடியும் மதுரையில் வக்கீல் தொழில். இளம் வயதிலேயே விவாகம்; தர்மபத்தினி அகிலாண்டம்மாள். இதுவரை நம் தாத்தா, கொள்ளுத் தாத்தாக்களில் பலருடைய கதையும் இதுதான்.

காந்திஜியின் இயக்கத்தில் சேர்ந்ததும் கதை திசை மாறியது. கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் ஜெயிலுக்குப் போகலானார். உப்பு சத்யாக்ரஹம், 'வெள்ளையனே வெளியேறு' என்று ஒவ்வொரு போராட்டத்திலும் வீட்டின் வருமானம் நின்றது. அகிலாண்டம்மாளும் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றவர். பிள்ளையும் சிறை சென்றார். தேசத் தொண்டர்களைப் பற்றி எழுதும்போது 'குடும்பத்தைத் துறந்து' என்று எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. இவர் குடும்பத்தைத் துறக்கவில்லை. கூடவே அழைத்துப் போனார்.

1932-ல் காந்திஜி ஹரிஜன சேவக சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதன் பொறுப்பு ஐயர் கைக்கு வந்தது. ('ஹரிஜன' என்ற சொல் இன்று அந்த மக்களாலேயே விரும்பப்படுவதில்லை. அந்தக் காலத்துப் பெயர்களைச் சொல்ல வேண்டியிருப்பதால் மட்டுமே இங்கே வருகிறது.) சங்கத் தலைவர் என்றால் மேடையில் பேசி, வசூல் செய்து, ரசீது கொடுத்து முடித்திருக்கலாம். ஐயரோ ஹரிஜன மாணவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார், சாப்பிட வைத்தார், படிக்க வைத்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் பாட்டிமார்களின் அடுக்களையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மடி, விழுப்பு, பத்து, எச்சில் எல்லாம் அங்கேதான். வெளியில் முற்போக்கு பேசிய எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்த நிலைப்படிக்கு வெளியே தங்கள் முற்போக்கை விட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த அடுக்களையை ஆண்டவர்கள் பெண்கள். அகிலாண்டம்மாள் 'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐயரின் தொண்டு வாசல் திண்ணையோடு நின்றிருக்கும். அந்த அம்மாள் பரிமாறினார். ஐயருடைய புகழில் பாதி அவருக்குச் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படி அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆனவர்களில் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்த அதே கக்கன்தான்.

1934-ல் மதுரைக்கு வந்த காந்திஜி, ஹரிஜனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் மீனாக்ஷி கோயிலுக்குள் போகவில்லை. 1936-ல் திருவிதாங்கூர் மகாராஜா தம் சமஸ்தானத்துக் கோயில்களைத் திறந்துவிட்டார். மதுரையில் மட்டும் கதவு திறக்கவில்லை. ஐயர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1939 ஜூலை 8 காலையில் கக்கன், சுவாமி முருகானந்தம், முத்து, சின்னையா உள்ளிட்ட ஐந்து ஹரிஜனங்களோடும் விருதுநகர் சண்முக நாடாரோடும் கோயிலுக்குள் நுழைந்தார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். தரிசனம் நடந்தது. தேங்காய் உடைத்து, பிரசாதம் வாங்கி வெளியே வந்தார்கள்.

ஒரு வக்கீலுக்கு நன்றாகவே தெரிந்த ஆபத்து இதில் இருந்தது. அன்றைய தேதியில் இந்த நுழைவுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. வழக்கத்தை மீறியதாக வழக்குப் போட்டால் சிக்கல்தான். ராஜாஜி அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டு வந்து, செப்டம்பரில் அதை முழுச் சட்டமாக்கி, நுழைந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது அதற்குப் பிறகுதான். ஐயரோடு உள்ளே போன ஐவருக்கோ சட்டத்தின் பயம் மட்டுமல்ல, ஊருக்குத் திரும்பிப் போனால் என்ன நடக்குமோ என்ற பயமும் இருந்திருக்கும். அவர்கள் பெயரையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியல்ல.

இனிச் சொல்லப்போவது நம் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படாதது. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம்மவர்களிடமிருந்துதான். பட்டர்களில் சிலர், சுத்தி செய்யாமல் பூஜை செய்ய மாட்டோம் என்று விலகினார்கள். வர்ணாச்ரம ஸ்வராஜ்ய சங்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். அம்பாள் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் சாலையில் தனியாக ஒரு மீனாக்ஷிக்குப் பூஜை நடத்தினார்கள். ஆகமத்தில் உண்மையான நம்பிக்கை உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். எல்லோரையும் துவேஷிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கான விலையைக் கொடுத்தது ஐயரின் குடும்பம். ஊரில் பந்துக்களும் சிநேகிதர்களும் ஒதுக்கினார்கள். நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வந்தாக வேண்டிய நம் வாழ்க்கை முறையில் அது சாதாரண தண்டனை இல்லை. இன்று 'நம்மவர்' என்று பெருமையோடு அவர் படத்தைப் போடுகிற நாம், அன்றிருந்தால் அவர் வீட்டில் கை நனைத்திருப்போமா?

கோயில் திறந்தபடியே இருந்தது. 1946-ல் காந்திஜி மறுபடி மதுரைக்கு வந்து, இந்தத் தடவை மீனாக்ஷியைத் தரிசித்தார். ஐயர் அந்த வருஷம் முதல் சில காலம் சட்டசபையில் இருந்தார். அதிலெல்லாம் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

1955 பிப்ரவரி 23-ம் தேதி காலமானார். கக்கன் அப்போது லோக்சபா அங்கத்தினர். அவரும் தலையை மழித்துக்கொண்டு, புத்திரர்களோடு புத்திரராக அந்திமக் கிரியைகளில் பங்கேற்க நின்றார். உறவினர்களில் சிலர் ஆட்சேபித்தார்கள். ஐயரின் பிள்ளைகள், கக்கனும் எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைதான் என்று சொல்லி, அவரையும் தங்களோடு சேர்த்துக்கொண்டு காரியத்தை நடத்தினார்கள்.