பார்கவியிடம் கேட்டவன்

வைக்கம் முகமது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ கதையில் ஓர் இளம் எழுத்தாளன் வாடகைக்கு வீடு பிடிக்கிறான். முன்பணம் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிகிறது: காதல் தோல்வியில் அந்த வீட்டுக் கிணற்றில் குதித்துச் செத்த பார்கவி இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். காசு போச்சு, வேறு இடமும் இல்லை. மந்திரவாதியைத் தேடாமல் அவளிடமே பேச ஆரம்பிக்கிறான். ஒரு ராத்திரி விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. நண்பர்களிடம் வாங்கிக்கொண்டு திரும்பினால், அறை முழுக்க நீல ஒளி. எங்கிருந்து வந்தது? பஷீர் சொல்லமாட்டார்.

கோட்டக்குப்பத்தில் ஜின் கதை கேட்டு வளர்ந்த எனக்கு இந்த மரியாதை புதுசில்லை. “அது பாட்டுக்கு அது இருக்கும், நீ பாட்டுக்கு நீ போ” என்பார்கள் வீட்டில்.

பழைய வீடு, செத்தும் போகாத ஒருத்தி, தெரியாமல் வந்து மாட்டுகிற ஒருவர். கோதிக் கதைக்கு இவ்வளவு போதும். 1963-இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் பாழடைந்த ஜமீன் மாளிகையைப் படம்பிடித்த ஏ. வின்சென்ட், மறுவருடமே பஷீரின் வீட்டுக்குள் நுழைந்தார். ‘பார்கவி நிலையம்’ அவர் இயக்கிய முதல் படம். திரைக்கதை பஷீரே எழுதினார்.

ஆனால் படம் கறுப்பு வெள்ளை. கதையின் உயிரோ ஒரு நிறம்! தவிர, சில பக்கக் கதையை முழுநீளப் படமாக இழுக்கவும் வேண்டும். அதனால் பார்கவிக்கு ஒரு காதலன், ஒரு வில்லன், பாட்டுகள் எல்லாம் வந்தன. ஊர் தற்கொலை என்று நம்பியது கொலையாக மாறியது. மர்மம் அவிழ்ந்துவிட்டது. ஹென்றி ஜேம்ஸ் கதையை ‘தி இன்னொசென்ட்ஸ்’ (1961) ஆக்கிய ஜாக் கிளேட்டன் இதைச் செய்யவில்லை. பேய் வீட்டில் இருக்கிறதா, அந்த ஆசிரியையின் மண்டைக்குள் இருக்கிறதா என்று கடைசிவரை பிடிகொடுக்கமாட்டார்.

நான் கிளேட்டன் கட்சி. லாக் ஃபைலைத் தோண்டிக் காரணம் கண்டுபிடிப்பது பகல் வேலை, ராத்திரியிலும் அதுவே எதற்கு? ஆனாலும் பஷீர் மாற்றியது வெறும் சினிமா சமரசம் இல்லை என்றும் படுகிறது. ஊரே பார்கவிக்குப் பயந்தது, கதை கட்டியது. உனக்கு என்னம்மா ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வாடகைக்கு வந்தவன் கேட்டான். கேட்டால் பதில் வரத்தானே செய்யும்?

2023-இல் ஆஷிக் அபு அதே திரைக்கதையை ‘நீலவெளிச்சம்’ என்ற பெயரில் வண்ணத்தில் எடுத்தார். இப்போது நீலத்தைக் காட்ட முடிகிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது பழைய படத்தின் முதல் பகுதியைத்தான். மது தனியாக, பதிலே பேசாத வீட்டிடம் பேசிக்கொண்டிருப்பார். சட்டமும் சாட்சியும் இன்னும் வந்திருக்காது.