ஒருங்கிணைந்த மருத்துவக் கல்வி: வரலாறும் மாணாக்கர்க்குரிய நெறியும்

திருவேங்கடம், சங்கரன்கோயில், தென்காசி முதலிய ஊர்களிற் பள்ளிப்படிப்பை முடித்து மருத்துவம் பயில விழையும் மாணாக்கருட் சிலர், சித்த மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் இணைத்துக் கற்கும் வழி யாது என வினவுகின்றனர். இவ்வினா புதியதன்று. தமிழ் வழங்கும் நாடுகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவ்விணைப்புப் பலகால் முயலப்பட்டுள்ளது. அம்முயற்சிகளுள் நிலைத்தது எது, நிலையாதொழிந்தது எது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை அறிந்த பின்னரே இன்றைய மாணாக்கர்க்கு நெறி கூறல் தகும். மருத்துவக் கல்வியைத் தமிழாராய்ச்சி இதழில் ஆராய்வது எற்றுக்கு எனச் சிலர் ஐயுறலாம். அக்கல்வியின் ஆக்கமும் கேடும் பெரும்பாலும் நூலையும் சொல்லையும் பற்றியே அமைந்தன என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1. தஞ்சையும் மானிப்பாயும்

தஞ்சையில் ஆட்சி புரிந்த இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் பேணினார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி, மேலை மருத்துவம் ஆகியவற்றில் வல்லோர் அங்குப் பணியாற்றினர். கைகண்ட முறைகள் பின்னர்த் தமிழ்ச் செய்யுட்களாக யாக்கப்பெற்றன. அவை நெடுங்காலத்துக்குப் பின் சரசுவதி மகால் நூலகத்தாரால் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரில் நோய்வாரியாக அச்சிடப்பட்டன. நிலையம் மறைந்த பின்னரும் அதன் அறிவு நமக்கு எட்டியமைக்கு அந்நூற்றொகுதியே காரணமாகும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது வேறொரு வகையினது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசு கிரீன் 1847இல் ஆங்குப் போந்து, மறு ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரும் அவர்தம் மாணாக்கரும் 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்களை வெளியிட்டனர். கிரீனின் நோக்கம் இருமுறைகளையும் இணைப்பதன்று. மேலை மருத்துவத்தைத் தமிழிற் பரப்புதலே. எனினும் இணைப்புக்கு இன்றியமையாத சொற்பாலத்தை முதற்கண் அமைத்தவர் அவரே எனலாம். அவர் 1873இல் தம் நாடு திரும்பினார். கொழும்பில் 1870இல் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசுப் பணியும் ஆங்கிலத்தையே சார்ந்து நின்றது. ஆதலின் தமிழ்வழி வகுப்பு நீடித்து நிலைக்கவில்லை.

தஞ்சையில் நூல் நின்றது, நிலையம் நிற்கவில்லை. மானிப்பாயில் நூல்கள் தோன்றின. அவற்றைக் கற்றோர்க்கு உரிய பணி வாய்க்கவில்லை. நூலும் பணியும் ஒருங்கே அமையாத கல்வி நிலைபெறாது என்பது இவ்விரண்டானும் பெறப்படும்.

2. சென்னைப் பள்ளியின் எழுச்சியும் மறைவும்

சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உசுமான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு மருத்துவ முறைகளை ஆராயுமாறு பணித்தது. அதன் செயலாளராயிருந்தவர் காப்டன் கோ. சீனிவாசமூர்த்தி. மேலை மருத்துவம் கற்று முதலுலகப் போரிற் படை மருத்துவராய்த் தொண்டாற்றிய அவர், இந்திய மருத்துவத்திலும் ஆழ்ந்த புலமையுடையவர். குழுவின் அறிக்கை 1923இல் வெளிவந்தது. அதன் பயனாக 1924–25இல் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் நிறுவப்பட்டது. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி என்னும் மூன்றனுள் ஒன்றை முதன்மையாகக் கொண்டு, உடற்கூறு, உடலியக்கம், அறுவை முதலியவற்றை மேலை முறையில் உடன்கற்பித்தல் அப்பள்ளியின் வழியாயிற்று.

இப்பள்ளி 1940களின் இறுதியிற் கல்லூரியாக உயர்ந்து, பின்னர் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆனால் 1960இல் அவ்விடத்தே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி தோன்றி, மேலை மருத்துவம் மட்டுமே கற்பிக்கலாயிற்று. நாட்டின் பிற பகுதிகளிலும் இக்கல்வி இவ்வாறே தளர்ந்தது. உடுப்பா குழு (1958–59) இணைந்த கல்வியின் இடர்ப்பாடுகளை ஆராய்ந்தது. வியாசர் குழு (1962–63) தூய ஆயுர்வேதக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது.

இத்தளர்ச்சிக்குக் காரணம் இருமுறைகளும் இயல்பாகவே ஒன்றோடொன்று பொருந்தாமை எனக் கூறுவாருமுளர். அது முழுதும் ஒக்கும் என நமக்குத் தோன்றவில்லை. உடற்கூற்றை ஓராசிரியரும் வாத பித்த கபங்களை மற்றோராசிரியரும் தனித்தனியே கற்பித்தனர். அவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்போ மாணாக்கன் தலைமேல் நின்றது. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் ஒழுங்குற அமைந்த பாடநூல்கள் இருந்தன. மறுபக்கம் பாடவேறுபாடு மலிந்த சுவடிகளும், பிழைபடப் பதிப்பித்த நூல்களுமே இருந்தன. பட்டத்தின் மதிப்பும் ஊதியமும் மேலை மருத்துவர்க்கு நிகராக அமையவில்லை. இந்நிலையிற் கற்றோர் பலர் எளிதிற் பயன்தரும் பக்கம் சாய்ந்தமை வியப்பன்று. தி. வி. சாம்பசிவம் பிள்ளை காவற்றுறையிற் பணியாற்றிக்கொண்டே தனியொருவராய் மருத்துவப் பேரகராதி தொகுத்தார். 1931 முதல் அது வெளிவரலாயிற்று. ஒரு நிறுவனம் செய்யவேண்டிய பணியைத் தனிமனிதர் ஒருவர் தோளிற் சுமந்தார் என்பதே அக்காலத்துக் குறையைக் காட்டும் சான்றாகும்.

3. பாளையங்கோட்டையும் குற்றாலச் சாரலும்

சென்னையிற் கைவிடப்பட்ட பணி வேறு வடிவில் தெற்கே தொடர்ந்தது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. குற்றாலமும் பொதிய மலையும் அண்மையில் இருத்தல் அக்கல்லூரிக்கு வாய்த்த நற்பேறாகும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுகூரத்தக்கது. இராபர்ட் வைட் என்னும் படை மருத்துவர் 1830களில் இதே பாளையங்கோட்டையிற் பணியாற்றியபோது குற்றால மலையிற் செடிகொடிகளைத் திரட்டி ஆராய்ந்தார். ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் அவர்க்குச் செடிகளை வரைந்து கொடுத்தனர். மருந்து கற்பவன் செடியைத் தன் கண்ணாற் கண்டு, பெயரைத் துணிந்து, பதிவு செய்தல் வேண்டும் என்னும் நெறிக்கு அவர் பணி நல்ல எடுத்துக்காட்டு.

4. இன்றைய மாணாக்கர்க்கு

சித்த மருத்துவ இளங்கலைப் படிப்பு நான்கரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் உடையது. சேர்க்கைக்குத் தேசியத் தகுதித் தேர்வு இன்றியமையாதது. இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டபின் கல்வி விதிகளை அவ்வாணையமே வகுக்கின்றது. இதனைத் தேர்வார் மனங்கொள்ளத்தக்கன நான்கு.

முதலாவது, ஒரு முறையில் வேரூன்றுதல். இரண்டினும் அரைகுறையாகக் கற்றவன் நோயாளிக்குத் துணையாகான். குணபாடமும் நோய் நாடலும் ஐயமறக் கற்ற பின்னரே ஒப்பீடு பயன்தரும்.

இரண்டாவது, மேலை மருத்துவத்தை அளவுகோலாகக் கற்றல். குருதி ஆய்வையும் கதிர்ப்படத்தையும் படித்தறியும் திறனும், உடனே வேறு மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நோயாளியை இனங்காணும் திறனும் சித்த மருத்துவர்க்கு இன்றியமையாதன. 2020இல் பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீர் தமிழகமெங்கும் வழங்கப்பட்டது. அத்தகைய மருந்தின் பயனை உலகு ஏற்கவேண்டின் முறைப்படி அமைந்த ஆய்வும் எண்ணிக்கையும் வேண்டும். இப்பயிற்சி பெற்றோர்க்குத் தாம்பரத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், 2010இல் தனி அமைப்பாகிய மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஆய்வுக் களங்களாக உள்ளன.

மூன்றாவது, சட்டத்தின் எல்லையை அறிதல். ஓமியோபதி பயின்ற ஒருவர் மேலை மருந்து கொடுத்தது குற்றமான கவனக்குறைவே என உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவர் மேலை மருந்து எழுதுதல் அவ்வம் மாநிலச் சட்டம் இசைந்த அளவே செல்லும் என 1998இல் விளக்கியது. இணைப்பு என்னும் பெயரால் இவ்வெல்லையைக் கடத்தல் நோயாளிக்கும் தனக்கும் தீங்காம்.

நான்காவது, தன் நிலத்தை அறிதல். திருவேங்கடத்துக் கரிசல் நிலத்தில் ஆவாரையும் குப்பைமேனியும் நெருஞ்சிலும் காண்கிறோம். குற்றாலச் சாரலின் செடிகள் வேறு. இரண்டையும் பருவந்தோறும் கண்டு குறித்துவைக்கும் மாணாக்கன், கடையில் வாங்கும் சரக்கின் மெய்ம்மையைத் தானே துணிவான். காட்டில் மூலிகை எடுத்தற்கு வனத்துறையின் இசைவு வேண்டும் என்பதையும் மறவற்க.

5. தமிழ் பயில்வார் கடமை

இனி நம் துறைக்கு வருவாம். கரிசாலை என ஒரு நூல் கூறுமிடத்து வெள்ளைப் பூவுடையதோ மஞ்சட் பூவுடையதோ என்னும் ஐயம் எழும். தாவர நூலார் அவற்றை வெவ்வேறு இனமாகவே பகுப்பர். அகத்தியர் பெயராலும் தேரையர் பெயராலும் வழங்கும் நூல்கள் யாவும் ஒருவரால் ஒரு காலத்து இயற்றப்பட்டன அல்ல என்பது அவற்றின் நடையானே விளங்கும். நன்னூலார் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கிற் குறித்த இலக்கணம் சித்தர் மறைமொழிக்கு முற்றும் பொருந்தும். அதனைப் பிழைபட உணரின் மருந்தே நஞ்சாதலும் கூடும். எனவே சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தலும், சொல்லடைவு தொகுத்தலும், காலவரையறை செய்தலும் மருத்துவக் கல்லூரியார் தனித்துச் செய்யக்கூடியன அல்ல. அவற்றுக்கு யாப்பும் இலக்கணமும் கற்றார் துணை வேண்டும்.

தமிழ் முதுகலை பயில்வாருட் சிலரேனும் சித்த மருத்துவ நூற்பதிப்பைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வாராக. குணபாடம் கற்பிக்கும் மருத்துவ ஆசிரியரோடும் தாவர நூல் வல்லாரோடும் அவர்கள் ஒருங்கிருந்து ஒவ்வொரு மருந்துப் பெயரையும் துணிதல் வேண்டும். சென்னைப் பள்ளி மாணாக்கர்க்குக் கிட்டாத திருந்திய நூல்கள் இவ்வழியே இன்றைய மாணாக்கர் கைக்கு வரும். அவை வந்த பின்னரே இரு மருத்துவங்களையும் ஒப்பிட்டுக் கற்றல் உறுதியான அடிப்படை பெறும் என்க.