நன்றி மறவாத வீதி

லண்டன் மாநகரின் கிழக்கே பிரிக் லேன் என்னும் குறுகிய தெருவிலே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். பிரான்ஸ் நாட்டில் மதக் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்த புராட்டஸ்டன்ட் மக்கள் 1743ஆம் ஆண்டில் அதனைத் தேவாலயமாகக் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பிவந்த யூதர்கள் அதனைத் தம் வணக்கத்தலமாக்கினார்கள். 1976இல் வங்காள முஸ்லிம்கள் அதனைப் பள்ளிவாசலாக்கினார்கள். மூன்று சமுதாயத்தார் ஒரே கூரையின் கீழ் இறைவனிடம் முறையிட்டிருக்கிறார்கள். மூவரும் அந்நகருக்கு வந்தேறிகளே. மூவரும் வெறுப்புக்கு ஆளானவர்களே. நமக்கு முன் அவ்வீதிகளில் வாழ்ந்தோர் அந்த வெறுப்பை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

சர் ஆஸ்வால்ட் மோஸ்லி என்பவர் தொழிற்கட்சி அரசில் பதவி வகித்துப் பின் விலகியவர். முசோலினியைப் பின்பற்றி 1932இல் பாசிசக் கட்சியொன்றைத் தொடங்கினார். தொண்டர்களுக்குக் கருஞ்சட்டை அணிவித்தார். நாட்டின் துன்பங்களுக்கெல்லாம் யூதர்களே காரணமென்று பழி சுமத்தினார். 1936 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, யூதர்கள் நெருங்கி வாழும் கிழக்கு லண்டன் தெருக்களின் வழியே அணிவகுத்துச் செல்வதாக அறிவித்தார்.

அந்த ஊர்வலத்தைத் தடை செய்யுமாறு பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு உள்துறை அமைச்சர் சர் ஜான் சைமனுக்கு விண்ணப்பம் அளித்தனர். அவர் மறுத்துவிட்டார். யூத சமுதாயத்தின் பெரியவர்களோ, "கதவை அடைத்துக்கொண்டு வீட்டோடு இருங்கள்" என்ற பொருள்பட அறிவுரை கூறினார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கலகம் நேர்ந்தால் பழி தம் மக்கள் மீதே விழும் என்ற அச்சமே காரணம். இத்தகைய அறிவுரையை நாமும் நம் வீடுகளில் கேட்டதுண்டு. ஆனால் மக்கள் வீட்டில் இருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஆல்ட்கேட் சந்திப்பில் டிராம் வண்டி ஒன்றை நடுவழியில் நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டார்.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. கருஞ்சட்டையினர் சில ஆயிரம் பேரே. அவர்களுக்கு வழி திறந்துவிட வந்த போலீஸாரோ 6000க்கும் மேற்பட்டவர்கள். ஆல்ட்கேட் வழி அடைபட்டதும், கேபிள் தெரு வழியாகப் பாதை அமைக்கப் போலீஸார் முனைந்தனர். மக்கள் லாரியைக் கவிழ்த்து, மரச்சாமான்களைக் குவித்துத் தடுப்பு எழுப்பினர். பெண்கள் மாடி ஜன்னல்களிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் வீசினர். குதிரைப் போலீஸார் தடியுடன் பாய்ந்தனர். ஆகவே அன்றைய மோதல் பெரும்பாலும் பாசிஸ்டுகளோடு நிகழ்ந்ததன்று. சட்டத்தின் காவலரோடு நிகழ்ந்தது. கைதானோருள் மிகப் பெரும்பாலோர் எதிர்த்து நின்றவர்களே. முடிவில் போலீஸ் ஆணையர் சர் பிலிப் கேம் ஊர்வலத்தைக் கைவிடச் சொன்னார். மோஸ்லியின் படை மேற்குத் திசையில் திரும்பிக் கலைந்தது.

யூதர்களுக்குத் துணையாகக் கேபிள் தெருவில் நின்றவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர்கள். மொழியும் மார்க்கமும் வேறான இவர்களைப் பிணைத்தது எது? 1912இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பட்டினியில் வாடியபோது, ஏழை யூதத் தையற்காரர்கள் அவர்களுடைய குழந்தைகளைத் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்று சோறிட்டார்கள். அந்த உணவின் நன்றியை இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் ஐரிஷ் குடும்பங்கள் மறக்கவில்லை.

வெற்றியை மிகைப்படுத்திக் கூறுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஒரு வாரத்துக்குள் மைல் எண்டு சாலையில் யூதர் கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் வந்த பொது ஒழுங்குச் சட்டம் அரசியல் சீருடைகளைத் தடுத்தது. ஊர்வலங்களைத் தடைசெய்யவும் அதிகாரம் வழங்கியது. அவ்வதிகாரம் கொடுமை செய்வோரையும் கொடுமையை எதிர்ப்போரையும் ஒன்றாகவே கட்டியது.

நாற்பதாண்டுகள் கழித்து அதே வட்டாரத்தில் வெறுப்பின் இலக்கு முஸ்லிம்களானார்கள். 1978 மே 4 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் வங்காளத் தையல் தொழிலாளி கொல்லப்பட்டார். பத்து நாட்களில் சுமார் 7000 பேர் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை நடந்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 23 அன்று, ஆசிய மக்கள் வாழும் சவுத்தாலில் தேசிய முன்னணி என்ற இனவெறிக் கட்சிக்கு நகர மண்டபம் வழங்கப்பட்டது. அக்கூட்டத்தைக் காக்க 2500க்கும் மேற்பட்ட போலீஸார் திரண்டனர். 340க்கும் மேற்பட்டோர் கைதாயினர். நியூசிலாந்திலிருந்து வந்து கிழக்கு லண்டனில் ஆசிரியராயிருந்த பிளேர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். வயது 33. மரண விசாரணையில் 1980இல் கிடைத்த தீர்ப்பு "தற்செயல்" என்பதே. போலீஸ்காரர் ஒருவரே அடித்திருக்கக்கூடும் என்று போலீஸாரின் உள்விசாரணை அறிக்கை கூறியிருந்தது. அது வெளியானதோ 2010இல். எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

சட்டம் அனுமதித்தது என்பதாலேயே ஒரு செயல் நீதியாகிவிடாது. அமைதி காப்போர் எவருடைய அமைதியைக் காக்கிறார்கள் என்று கேட்பது குடிமக்களின் கடமை. கை ஓங்காமல், கண்ணியம் தவறாமல் கேட்பதே நமக்கு அழகு. அத்துடன் இன்னொரு கடமையும் உண்டு. பிளேர் பீச் ஆசியர் அல்லர். கேபிள் தெருவின் ஐரிஷ்காரர் யூதர் அல்லர். நமக்கு ஒரு துன்பம் நேரும் நாளில் பிறர் வந்து நிற்கவேண்டுமென்றால், அண்டை வீட்டுக் குழந்தை பசித்திருக்கும் இன்றே நம் அடுப்பில் அதற்கும் சேர்த்து உலை வைக்கவேண்டும்.

அல்தாப் அலி வீழ்ந்த இடத்தருகே உள்ள பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சவுத்தாலில் ஓர் ஆரம்பப் பள்ளி பிளேர் பீச்சின் பெயரால் வழங்குகிறது. அவ்வீதிகள் நன்றி மறக்கவில்லை.