மேடையரசர்க்கு வீட்டில் தைத்த உடை

ஆள்பாதி ஆடைபாதி என்பது எம்மவர் வழங்கும் பழமொழி. நாடக மேடையிலோ ஆடையின் பங்கு பாதியிலும் சற்று அதிகம் எனலாம். பகலிலே கமஞ்செய்பவரும் கடைக்கணக்கு எழுதுபவரும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இரவிலே தருமராகவும் இராவணேசுவரனாகவும் சங்கிலி மன்னனாகவும் எம்முன் தோன்றுகின்றனர். அவர்கள் வாய்திறந்து ஒரு சொற் சொல்லுமுன்னரே, "இவர் அரசர்" என்று சபையோருக்கு அறிவிப்பது அவர் அணிந்த உடையே. அவ்வுடையை எதைப் பார்த்துத் தைத்தார்கள்? அரசர்கள் மெய்யாகவே அவ்வாறு உடுத்தனரா? நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் ஆண்டு விழாவுக்கும் நாடகம் போடுகின்ற எம்போன்ற சங்கத்தினர் இவ்வினாக்களைச் சிறிது ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முதலிலே சரித்திரத்தை நோக்குவோம். பல்லவர், சோழர் காலத்துச் சிற்பங்களிற் காணப்படும் அரசர்களின் மார்பிலே பெரும்பாலும் சட்டை இல்லை. அரையிலே மடித்துக் கட்டிய ஆடை, அதன்மேல் இடைக்கச்சு, கழுத்திலும் தோளிலும் முன்கையிலும் அணிகள், தலையிலே முடி: இவ்வளவே அரச கோலம். தஞ்சைப் பெருங்கோயிற் கருவறையைச் சூழ்ந்த சுற்றுச்சுவரிலே, பிற்காலத்துப் பூச்சின்கீழ் மறைந்துகிடந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கும் ஆடவருட் பெரும்பாலார் மேலுடம்பிற் சட்டையின்றியே விளங்குகின்றனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ கூறுவது இதற்குத் துணையாகின்றது. இந்நாட்டிலே சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரர் ஒருவரையும் காணமுடியாது என்று அவர் வியந்து சொல்லியிருக்கின்றார். அரசனும் குடிகளைப்போல அரையாடையே உடுத்திருந்தான். ஆனால் அவன் கழுத்திலே பட்டுநூலிற் கோத்த 104 பெரிய முத்துக்களும் மாணிக்கங்களும் தொங்கின என்றும் அவர் குறிக்கின்றார்.

இதைக்கொண்டு தமிழர் ஊசியும் நூலும் அறியாதவர் என்று முடிவுசெய்தல் தவறாகும். சிலப்பதிகாரம், புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சேர்த்து எண்ணுகின்றது. துன்னுதல் என்பது தைத்தல். ஆகவே தையற்றொழில் இங்கே பழமையானதே. வெப்பம் மிகுந்த நாட்டு வேந்தனுக்குத் தைத்த சட்டை ஒரு தேவையாக இருக்கவில்லை. அவனுடைய சிறப்பு நெசவின் நுண்மையிலும் அணிகலனின் மதிப்பிலும் விளங்கிற்று.

காலம் மாற அரச கோலமும் மாறிற்று. விசயநகர அரசவையிலே, அயல்நாட்டு இசுலாமிய அரசவைகளோடு ஏற்பட்ட பழக்கத்தினால், நீண்ட மேலங்கியும் உயர்ந்த குல்லாயும் வழக்கத்துக்கு வந்தன. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லேபாட்சிக் கோயில் ஓவியங்களிலே இவற்றைக் காணலாம். திருமலையிலே தம் தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புப்படிமமும் உயர்ந்த குல்லாயோடேயே நிற்கின்றது. எமது நாட்டிலே 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க வமிசத்தாருள் இறுதியானவராகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன், சித்திரங்களிலே தைத்த மேற்சட்டையோடும் அணிகளோடும் காட்சியளிக்கின்றார். எனவே "அரசர் உடை" என்று ஒரே உடை எக்காலத்தும் இருந்ததில்லை. எந்த நூற்றாண்டு, எந்த நாடு என்று கேட்டபின்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தல் வேண்டும்.

இனி, மேடையின் உடைக்கும் தனியான ஒரு சரித்திரம் உண்டு. மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை எடுத்துக்கொள்வோம். வடமோடிக் கூத்திலே அரசர் அணியும் உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கோழியை மூடிவைக்கும் கரப்பை யாவரும் அறிவர். அதுபோல மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து நிற்பதனாலே அப்பெயர் வந்தது. சிறிதும் பெரிதுமான வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, அவற்றின்மேற் சீலை போர்த்துத் தைத்து, கண்ணாடித் துண்டும் மணியும் மினுக்கத் தாளும் பதிப்பர். தென்மோடிக்குரிய உடுப்பும் முடியும் பாரங் குறைந்தவை.

இத்தகைய உடையை எந்த அரசனும் அரண்மனையிலே உடுத்திருக்கமாட்டான். அவ்வாறாயின் இது பொய்யான உடையா? ஒருகாலும் அன்று. கூத்து நடைபெறும் இடம் வட்டக்களரி. சுற்றிவர நாற்புறமும் சபையோர் இருப்பர். மின்விளக்கு இல்லாத காலத்திலே தீப்பந்தத்தின் ஒளியே ஒளி. தூரத்தே பாய்விரித்திருக்கும் கிழவிக்கும் "இதோ வருபவன் மன்னன்" என்பது தெரிதல் வேண்டும். ஆட்டக்காரன் சுழன்றாடும்போது விரிந்த உடுப்பும் உடன்சுழல்கின்றது. பதித்த கண்ணாடிகள் பந்தத்தின் ஒளியை வாங்கி எப்பக்கமும் வீசுகின்றன. இடத்தையும் ஒளியையும் ஆட்டத்தையும் நன்கு அறிந்தவர்களே இவ்வுடுப்பைக் கண்டுபிடித்திருத்தல் வேண்டும். மார்க்கோ போலோ கண்ட அரசனுக்கு முத்தும் மாணிக்கமும் செய்த வேலையை இங்கே கண்ணாடித் துண்டுகள் செய்கின்றன.

தமிழகத்துத் தெருக்கூத்திலும் இதனை ஒத்த கைவேலையைக் காண்கின்றோம். அங்கே முடி, புயகீர்த்தி, மார்புப் பதக்கம் முதலியவற்றைப் பாரமற்ற கல்யாண முருங்கை மரத்திலே செதுக்கிக் கண்ணாடியும் வண்ணத்தாளும் ஒட்டுவர். இம்மர அணிகளுக்குக் கட்டை என்று பெயர். கட்டைக்கூத்து என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது. இரவு முழுவதும் சுமந்து ஆடவேண்டியிருப்பதால் மரம் பாரமற்றதாக இருத்தல் இன்றியமையாதது.

பம்பாயிலே 1853ஆம் ஆண்டளவிலே தோன்றிய பார்சி நாடகக் கம்பனிகளின் செல்வாக்கு, தமிழகத்து நாடகக் குழுக்களின் வழியாக யாழ்ப்பாணத்தையும் எட்டியது. வர்ணத்திரைகளோடு வெல்வெட் சட்டையும் சரிகை வேலைப்பாடும் மேடைக்கு வந்தன. ஓவியர் இரவிவர்மா (1848–1906) தீட்டிய புராண மாந்தரின் கோலங்கள், 1894இல் அவர் நிறுவிய அச்சுக்கூடத்தின் மூலம் வீடுதோறும் படங்களாகப் பரவின. மேடைக்கு உடுப்புத் தைப்பவருக்கு இப்படங்களே மாதிரிகளாயின. தையல் மெசினும் இக்காலத்திலேயே எம்மிடையே பரவத் தொடங்கிற்று. சிங்கர் கம்பனி இலங்கையில் 1877ஆம் ஆண்டிலே கால்வைத்தது. கையால் நாலு நாள் தைக்கவேண்டியதை ஒருநாளில் தைத்து முடிக்க வழி பிறந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. குறையும் ஒன்று உண்டு. சோழனுக்கும் அரிச்சந்திரனுக்கும் அக்பருக்கும் ஒரே வெல்வெட் சட்டை என்றாயிற்று. ஆடம்பரமே அரசனுக்கு அடையாளம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்களின் மயான காண்டத்தைப் பார்த்தவர்கள் வேறொரு பாடத்தைக் கற்றிருப்பர். அங்கே அரிச்சந்திரன் அரச உடையெல்லாம் களைந்து, சுடலை காப்பவனாய் நிற்கின்றான். சுடலைக்குரிய வரியாகக் காற்பணத்தோடு முழத்துண்டும் கேட்கின்றான். நாடாண்டவன் ஒரு முழத் துணிக்காகத் தன் மனைவியென்று அறியாமல் அவளையே மறித்து நிற்பதைக் கண்டு சபை அழுதது. எளிய துண்டும் தக்க இடத்திலே வெல்வெட்டினும் அதிகம் பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956ஆம் ஆண்டிலே சங்கிலி நாடகத்தைத் தந்தார். எமது சொந்தச் சரித்திரத்தை மேடையேற்ற விரும்பியவர்களுக்கு அது ஒரு வழிகாட்டியாயிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன்போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, விடியுமட்டும் ஆடும் கூத்து சில மணிநேரத்திற் சுருங்கியது. வட்டக்களரியிலிருந்து ஒருமுக அரங்குக்கு வந்தது. அதற்கேற்ப உடையும் ஒப்பனையும் செம்மைசெய்யப்பட்டன. மரபை அறிந்தவர் அதனை மாற்றவும் வல்லவர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்தகைய அறிவு இன்று எம்மிடம் எவ்வளவு எஞ்சியுள்ளது? 1995இல் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோதும், 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை மோதியபோதும், உயிரைக் கையிற்பிடித்து ஓடியவர்கள் உடுப்புப் பெட்டியையும் தூக்கிச்செல்வது எங்ஙனம்? போன பெட்டியை மீண்டும் செய்துகொள்ளலாம். செய்யத் தெரிந்த கைகள் ஓய்ந்துவிட்டால் என்செய்வது? வாடகைக்கு உடுப்பெடுத்து, ஒருநாள் உடுத்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எம்மை இலகுவாகப் பற்றிக்கொள்கின்றது. அவ்வுடுப்பு நடிகனின் அளவும் அறியாது. நாடகத்தின் காலமும் அறியாது.

வீட்டிலே தைப்பது நாம் அஞ்சுமளவுக்குக் கடினமானதன்று. சோழ அரசனுக்கு வெல்வெட்டே வேண்டியதில்லை. நல்ல கரைவேட்டி ஒன்றும், கிழிந்த பட்டுச்சேலையிலிருந்து வெட்டிய கரையினாலான இடைக்கச்சும் போதும். மிகுதி உழைப்பை அணிகளிலே செலவிடுக. முடிக்குத் தலையின் சுற்றளவை நூலால் அளந்து, பொருத்துவதற்கு ஓர் அங்குலம் கூட்டி, அட்டையை வெட்டுக. கோதுமைமாப் பசையாற் பழைய பத்திரிகைத் துண்டுகளை அதன்மேல் மூன்று நான்கு படையாக ஒட்டி, ஒவ்வொரு படையும் காய்ந்தபின் அடுத்ததை ஒட்டுக, முடி உறுதியாகும். அதன்பின் மினுக்கத்தாளும் மணியும். நெற்றியிற் படும் உட்புறத்திலே பருத்தித்துணி வைத்துத் தைத்தால் வியர்வையை உறிஞ்சும்.

நாயக்கர் கால அங்கி தைப்பதாயின், தையலின் உள்ளே இரண்டு அங்குலம் துணியை மடித்துவிடுக. அடுத்த ஆண்டு வேறொருவர் அணிய நேர்ந்தாற் பிரித்துப் பெருப்பிக்கலாம். பொத்தானுக்குப் பதிலாக நாடா வைத்தால் மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும். தைத்து முடிந்ததை மேடையிலே ஒருவருக்கு உடுத்தி, மண்டபத்தின் கடைசி வரிசையிலே நின்று பார்த்தல் நன்று. அருகே அழகாய்த் தெரியும் சிறிய வேலைப்பாடு அங்கே தெரியாது. பெரிய மணியும் தெளிந்த நிறமுமே அங்கே எட்டும். கரப்புடுப்புத் தைத்த பழையவர்கள் இதனை எமக்கு முன்னரே அறிந்திருந்தார்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நாடகத்தின் நிகழ்ச்சிநிரலிலே நடிகர் பெயரும் நெறியாளர் பெயரும் தலைமை தாங்குபவர் பெயரும் தவறாது அச்சாகின்றன. இரவிரவாக விளக்கின்கீழ் மணிகோத்த தாய்மாரும், மெசின் மிதித்த சகோதரிமாரும், அட்டை வெட்டிய சிறுவரும் எப்பக்கத்திலும் இடம்பெறுவதில்லை. அரசனை உண்டாக்கியவர்களுக்கு அரசவையில் ஓர் இடமேனும் வேண்டாமா? இனிமேல் எமது சங்கம் அச்சிடும் நிரல்களிலே, உடையும் அணியும் ஆக்கியோரின் பெயர்களை நடிகர் பெயர்களுக்கு அடுத்தே பொறித்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

வாலிபர்காள்! எமது ஊர்களிலே அண்ணாவிமாரும் பழைய நடிகர்களும், ஊசிபிடித்துப் பழகிய முதியோரும் இன்னும் எம்மோடு இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, கேட்டு, அளவோடு எழுதிவையுங்கள். அவர்கள் முன்னிலையிலேயே ஒரு முடியாவது செய்து பழகுங்கள். சங்கத்தின் அலுமாரியிலே எம் கைகளால் தைத்த பத்து உடுப்புக்கள் இருக்குமாயின், அதுவே வருங்கால வாலிபருக்கு நாம் வைத்துச்செல்லும் முதுசமாகும்.