அளவுகோலும் அன்புக் கண்ணும்

தேர்வு என்றதும் வினாத்தாளும் மதிப்பெண்ணுமே நம் நினைவில் எழுகின்றன. எழுத்தறியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் கல்வியை எவ்வாறு அளப்பது? இவ்வினாவுக்குச் சிறந்ததொரு விடை ஏழை மக்களின் குடியிருப்பில் கிடைத்தது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், அறிவு வளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுக்கு முதலில் கற்பித்தார். அவர்களுட் சிலர் ஏனைய மாணவரோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினர். உலகம் வியந்தது. அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகளை இவர்களுக்குச் சமமாக நிறுத்திய பள்ளிகளின் குறை யாது என்று வினவினார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பெற்றது. பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த ஏறத்தாழ 50 குழந்தைகள் அங்குச் சேர்ந்தனர். ஒருநாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் அருகிருந்து எண்ணத் தொடங்கினார். ஏனைய குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், களைப்பின்றி மலர்ந்த முகத்தோடு தானே நிறுத்தினாள்.

எந்த வினாத்தாள் அக்கவனத்தை அளந்திருக்கும்? ஓர் உருளை குழி மாறினால் இறுதியில் ஒன்று பொருந்தாது நிற்கும். குழந்தை தன் பிழையைத் தானே காணும். ஆசிரியர் கடிய வேண்டுவதில்லை. எதை விரும்பி எடுத்தது, எவ்வளவு நேரம் நிலைத்தது, தவறியபோது என்ன செய்தது என்று கண்டு குறிப்பதே ஆசிரியர் கடன்.

நமது சென்னை அடையாற்றுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளுக்குக் கதவடைத்த காலத்தில், 1894இல் கர்னல் ஆல்காட் அவர்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கியது அங்கேதான். பின்னர் 1939இல் மாண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் அதே அடையாற்றில்தான்.

'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று நம் முன்னோரைப் பாராமலே தீர்ப்பளித்தனர். பார்த்தபின் எழுதுவது மதிப்பீடு. பாராமல் எழுதுவது பழி. பலகையின் முன் வாய் திறவாத பிள்ளை, களத்தில் தாயோடு படி நெல்லைப் பிழையின்றி எண்ணுவதை நாம் கண்டிருக்கிறோம். அதைக் காணுமுன் அப்பிள்ளையை 'மந்தம்' என்று பதிவேட்டில் எழுதியதும் நம் கைதான். அவ்வெழுத்து இன்றும் நம்மை உறுத்துகின்றது.

ஆதலின், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே! குழந்தைக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதியிட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கள். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் அடுத்த தலைமுறைக்கு வைக்கும் செல்வம் அதுவே ஆகும்.